வெட்டின கோட்டுக்கு ரெண்டு முனை: மாஸ்க்கிங்கின் கதை

இந்த எபிசோடுல ஒரு தையல் மெஷினைப் பத்திப் பேசப் போறோம். உடனே ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. தையல்ல ஆரம்பிச்சு, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வழியா, 1736ல ஒரு ஊர்ப் பாலம் வரைக்கும் போகப் போறோம்.

போட்டோஷாப், ஃபிக்மா, எதைத் திறந்தாலும் அதுல 'மாஸ்க்'னு ஒண்ணு இருக்கும். ஒரு வட்டம் போட்டு, படம் இதுக்குள்ள மட்டும் தெரியட்டும்னு சொன்னா, மிச்சம் மறைஞ்சிடும். நான் வேலை பார்க்கிறது வெப் டெவலப்மென்ட்ல. அங்க 'ஓவர்ஃப்ளோ ஹிடன்'னு ஒரு வரி எழுதினா, பெட்டிக்கு வெளியே வழியறதெல்லாம் காணாம போயிடும். ஒரு வரி, ஒரு செலவும் கிடையாது.

இந்த வசதிக்குப் பின்னாடி 60 வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கு. அந்த வரலாறு முழுக்க ஒரு கேள்வி பெரிசா எழவே இல்லை: ஒரு கோட்டை நடுவுல வெட்டினா, அந்த முனை என்ன ஆகும்? திரையில அதுக்கு பதில் தேவைப்படலை. துணியில தேவைப்பட்டது.

பூவும் பின்னணியும்

குவில்ட் தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம். மேல ஒரு துணி, நடுவுல மெல்லிசா பஞ்சு, கீழ ஒரு துணி. மூணும் நகராம இருக்க, போர்வை முழுக்க ஊடுருவித் தைப்பாங்க. அப்படி ஊடுருவிப் போற தையலுக்குத்தான் குவில்ட்டிங்னு பேரு. வேலை என்னவோ பஞ்சைப் பிடிச்சு வைக்கிறதுதான். ஆனா தையல் போன இடம் அமுங்கும், போகாத இடம் உப்பும். அந்த மேடு பள்ளத்துலயே டிசைன் போடலாம்.

மேல் துணியில பல சமயம் அப்ளிக் வேலை இருக்கும். வேற துணியைப் பூவாவும் இலையாவும் வெட்டி, மேல வெச்சுத் தைக்கிறது. நம்ம ஊர்ல தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குத் தொங்கவிடற தொம்பையைப் பார்த்திருந்தீங்கன்னா, அதுவும் அப்ளிக்தான்.

அமெரிக்காவுல, மேரிலேண்ட் மாநிலத்து பால்டிமோர் நகரத்துல, 1840கள்லயும் 1850களின் தொடக்கத்துலயும் பெண்கள் செஞ்ச குவில்ட்கள் இன்னைக்கு மியூசியங்கள்ல இருக்கு. 'பால்டிமோர் ஆல்பம் குவில்ட்'னு சொல்வாங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு பூங்கொத்து, ஒரு மாலை, ஒரு கூடை. எல்லாமே கையால வெச்சுத் தைச்ச அப்ளிக். இந்த மாதிரி குவில்ட்ல பின்னணி முழுக்கச் சாய்கோடுகளாவோ டைமண்ட் கட்டங்களாவோ தைக்கிறது வழக்கம். கோடு பூ வரைக்கும் வரும், விளிம்புல நிக்கும், பூவுக்கு அந்தப் பக்கம் அதே நேர்கோட்டுல மறுபடி தொடங்கும். பார்க்கிறவங்க கண்ணுக்கு, கட்டம் போட்ட ஒரு சுவர், அதுக்கு முன்னாடி ஒரு பூ. பூ முன்னாடி வந்து நிக்குது, உப்பித் தெரியுது.

இதுதான் மாஸ்க். மென்பொருளுக்கு நூத்துச் சொச்சம் வருஷம் முன்னாடியே அது துணியில இருந்தது.

சரி, கோடு விளிம்புல நின்னதும் அந்தப் பெண்கள் நூலை என்ன செஞ்சாங்க? இதுல ஒரு அழகான தந்திரம் இருக்கு. கைத்தையல்ல ஒரே நூல்தான். விளிம்புக்கு வந்ததும் ஊசியை மேல் துணிக்கும் கீழ் துணிக்கும் நடுவுல, பஞ்சுக்குள்ள நுழைச்சு, கொஞ்ச தூரம் கண்ணுக்குத் தெரியாம ஓட்டி, அடுத்த கோட்டுல வெளியே எடுப்பாங்க. நூல் அறுபடலை, முடிச்சும் இல்லை. நூல் தீர்ந்து முடிச்சுப் போட வேண்டி வந்தாலும், லேசா ஒரு சுண்டு சுண்டி முடிச்சையும் பஞ்சுக்குள்ள இறக்கிடுவாங்க. முனை எங்கேன்னு தேடினாலும் கிடைக்காது.

ரெண்டு நூல் வந்தது, ரகசிய வழி போச்சு

1846ல எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். மேல இருந்து ஒரு நூல், கீழ இருந்து ஒரு நூல், ரெண்டும் துணிக்குள்ள ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். இன்னைக்கும் நம்ம வீட்டு மெஷின்ல ஊசி நூலும் பாபின் நூலும் சேர்றது இந்த முறையிலதான்.

வேகம் வந்தது, உறுதி வந்தது. ஆனா அந்த ரகசிய வழி போயிடுச்சு. மெஷின் ஊசி மேலயும் கீழயும்தான் போகும். பஞ்சுக்குள்ள படுத்துக்கிட்டுப் பயணம் பண்ண அதால முடியாது. ஒரு இடத்துல நிறுத்தி இன்னொரு இடத்துல ஆரம்பிக்கணும்னா, பாபின் நூலை மேல இழுத்து, அதே இடத்துல நாலஞ்சு சின்னத் தையல் போட்டு, நூலை அறுத்து, புது இடத்துல மறுபடி இதே வேலை. சரியா பூட்டலைன்னா, சில சலவையிலேயே முனை பிரிய ஆரம்பிக்கும்.

வீட்டு மெஷின்ல பெரிய போர்வையைத் திணிச்சுத் தைக்கிறது பெரும்பாடு. 1980களின் தொடக்கத்துல, மிசௌரி மாநிலத்து வெஸ்ட் பிளைன்ஸ் ஊர்ல கென் கேமில் போன்றவங்க இதைத் தலைகீழாக்கின மெஷின்களைச் செய்து விக்க ஆரம்பிச்சாங்க. துணியை உருளைகள்ல கட்டி விறைப்பா நிறுத்து. மெஷினைத் தண்டவாளத்துல வெச்சு நகர்த்து. கை நீளமான மெஷின், அதனால லாங்ஆர்ம்னு பேரு. ஊசிக்கும் மெஷினோட உடம்புக்கும் நடுவுல 18 அங்குலம், 26 அங்குலம், 30 அங்குலம்னு இடம் இருக்கும்.

இந்த மெஷினை ரெண்டு விதமா ஓட்டலாம். முன்னாடி நின்னு, துணியைப் பார்த்து, கைபோன போக்குல தைக்கலாம். பூ வந்தா கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிப் போவாங்க. இல்லைன்னா பின்னாடி நின்னு, மேஜையில விரிச்ச தாள்ல இருக்கிற டிசைனை ஒரு லேசர் புள்ளியால தடவிக்கிட்டே போகலாம். புள்ளி தாள்ல போற பாதையிலேயே ஊசி துணியில போகும். அந்தத் தாளுக்கு 'பான்டோகிராஃப்'னு பேரு. 1603ல ஜெர்மானிய பாதிரியார் கிறிஸ்டோஃப் ஷைனர் உருவாக்கின, படத்தைப் பெரிசாக்கிப் பிரதி எடுக்கிற கருவியோட பேரு அது. கருவி போயிடுச்சு, பேரு மட்டும் தாள்ல ஒட்டிக்கிச்சு.

இந்த ரெண்டாவது முறையைக் கொஞ்சம் கவனிங்க. தைக்கிறவங்களோட கண் தாள் மேல இருக்கு, துணி மேல இல்லை. பூ எங்க இருக்குன்னு அந்தத் தாளுக்குத் தெரியாது. அதனால டிசைன் ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் எல்லாத்து மேலயும் ஏறிப் போகும். 1990கள்ல மிசௌரியைச் சேர்ந்த பால் ஸ்டேட்லர், மெஷினை நகர்த்த மோட்டார்களையும் அதுக்கு ஒரு கம்ப்யூட்டரையும் இணைச்சார். 'ஸ்டேட்லர் ஸ்டிச்சர்'னு அது பிரபலமாச்சு. தாளுக்கு இருந்த அந்தப் பார்வைக் குறை அப்படியே கம்ப்யூட்டருக்கும் வந்தது. மனுஷங்க மாசக்கணக்கா கையால தைச்ச பூ மேல அது நிமிஷத்துல கோடு போட்டுடும். பிரிச்சாலும் ஊசி போன ஓட்டை வரிசையாத் தெரியும்.

ஆக, 'இங்க போகாதே'ன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு வழி வேணும். அந்த வழி ஏற்கெனவே வேற ஒரு உலகத்துல தயாரா இருந்தது.

திரையில வெட்டினவங்க

1963. எம்.ஐ.டி.யோட லிங்கன் ஆய்வகம். டிஎக்ஸ்-2னு ஒரு கம்ப்யூட்டர். அதுல ஐவன் சதர்லேண்ட் தன்னோட முனைவர் பட்ட ஆய்வுக்காக 'ஸ்கெட்ச்பேட்' எழுதினார். ஒளிப் பேனாவால திரையில நேரா வரையலாம், வரைஞ்சதைப் பெரிசாக்கிப் பார்க்கலாம். பெரிசாக்கினா படம் திரையைத் தாண்டும். எந்தக் கோட்டோட எந்தத் துண்டு திரைக்குள்ள வருதுன்னு கணக்குப் போட்டே ஆகணும். போடாம விட்டா, அந்தக் காலக் கருவிகள்ல வலது பக்கம் தாண்டின கோடு இடது பக்கம் முளைக்கும். எண் தன் வரம்பைத் தாண்டி மறுபடி பூஜ்யத்துல தொடங்கிடும் இல்லையா, அதனால.

அதே ஆய்வகம், அதே வருஷம், லாரன்ஸ் ராபர்ட்ஸ்னு இன்னொரு மாணவர். ஒரு பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற கோடுகளை எப்படி மறைக்கிறதுன்னு அவரோட ஆய்வுல வேலை செஞ்சார். முன்னாடி இருக்கிறது பின்னாடி இருக்கிறதை மறைக்கணும். பால்டிமோர் பூவும் கட்டமும் இதே கேள்விதான். இந்த ராபர்ட்ஸ்தான் பிறகு இன்டர்நெட்டோட முன்னோடியான ஆர்பாநெட்டை வழிநடத்தினவர்.

1967 வாக்குல டேனி கோஹனும் சதர்லேண்டும், ஃப்ளைட் சிமுலேட்டர் வேலை நடக்கிறப்போ, இன்னைக்கும் காலேஜ்ல பாடமா வர்ற வழியைக் கண்டுபிடிச்சாங்க. கோட்டோட ஒவ்வொரு முனையையும் நாலு கேள்வி கேளு: நீ ஜன்னலுக்கு மேலயா, கீழயா, இடதா, வலதா? நாலு பிட்ல பதில். ரெண்டு முனைக்கும் எல்லா பதிலும் 'இல்லை'ன்னா, கோடு முழுசா உள்ளே. ரெண்டும் ஒரே பக்கம் வெளியேன்னா, தூக்கிப் போடு. மத்ததை ஓரத்துல வெட்டி மறுபடி கேளு. எக்ஸாமுக்கு முந்தின நாள் நம்ம எல்லாரும் மனப்பாடம் பண்ணின அல்காரிதம் இது.

1974ல சதர்லேண்டும் கேரி ஹாட்ஜ்மனும் தனிக் கோட்டை விட்டு முழு உருவத்தையே வெட்டினாங்க. நல்லா வேலை செஞ்சது, ஒரு பிசிறைத் தவிர. குழிவான உருவத்தை வெட்டி அது ரெண்டு துண்டாப் போனா, ரெண்டையும் சேர்த்து வெட்டின ஓரத்தோடவே ஒரு தேவையில்லாத கோடு ஓடும். 1977ல கார்னெல் பல்கலைக்கழகத்துல கெவின் வைலரும் பீட்டர் ஆதர்ட்டனும் அந்தப் பிசிறு இல்லாத வழி சொன்னாங்க: ஒரு உருவத்தோட விளிம்புல நடந்து போ, வெட்டுப்புள்ளி வந்தா மத்த உருவத்தோட விளிம்புக்கு மாறு, மறுபடி வெட்டுப்புள்ளி வந்தா திரும்பி வா. ஓட்டை இருந்தாலும் சரி, பூ மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு இருந்தாலும் சரி.

இந்த எல்லா வேலையிலயும் வெட்டின முனைக்கு ஒரு விலையும் இல்லை. எலக்ட்ரான் கற்றையை அணைச்சு வேற இடத்துல ஏத்தலாம். பிளாட்டர்னா பேனாவைத் தூக்கி அடுத்த இடத்துல வைக்கலாம். தூக்கினதுக்கு ஒரு தடயமும் இருக்காது.

துணிக்கு வந்த மாஸ்க்

இப்போ இதைக் கம்ப்யூட்டர் லாங்ஆர்முக்குக் கொண்டு வருவோம். முதல் சிக்கல், பூ எங்க இருக்குன்னு எப்படிச் சொல்றது? கம்ப்யூட்டர்ல இருக்கிற டிசைன் ஃபைலை நம்ப முடியாது. கையால தைச்ச பூ ஒவ்வொண்ணும் கொஞ்சம் தள்ளி இருக்கும், உருளையில இழுத்துக் கட்டின துணி கொஞ்சம் கோணியிருக்கும். அதனால தைக்கிறவங்க நிஜத் துணியையே அளக்கிறாங்க. மெஷினைக் கையால நகர்த்தி, ஊசியைப் பூவோட விளிம்புக்குக் கொண்டு போய் ஒரு பட்டனைத் தட்டுவாங்க. அது ஒரு புள்ளி. கொஞ்சம் நகர்ந்து இன்னொரு புள்ளி. சுத்தி முடிச்சதும் மென்பொருள் புள்ளிகளைச் சேர்த்து ஒரு வேலி போட்டுக்கும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ரெண்டு புள்ளிக்கு நடுவுல மென்பொருள் நேர்கோடு போட்டா, வெளியே வளைஞ்ச இதழ்ல அந்த நேர்கோடு இதழுக்குள்ள விழும். அதாவது வேலி பூவை விடச் சின்னதாயிடும், தையல் இதழோட ஓரத்தைக் கடிக்கும். அதனால வளைவு கூடுற இடத்துல புள்ளியை நெருக்கமா வைக்கணும், விளிம்பை விட்டு ஒரு நூல் அளவு வெளியே வைக்கணும். வரிசை மாறாமயும் வைக்கணும். மாறினா வேலி எட்டு மாதிரி முறுக்கிக்கும்.

அடுத்தது, எது உள்ளே, எது வெளியே? நமக்குப் பார்த்ததும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒரு புள்ளியில இருந்து நேரா வெளியே ஒரு கோடு விடு, வேலியை எத்தனை தடவை தாண்டுதுன்னு எண்ணு. ஒற்றைப்படைன்னா உள்ளே, இரட்டைப்படைன்னா வெளியே. மூடின வளைவு ஒண்ணு தளத்தை உள்ளே, வெளியேன்னு ரெண்டாப் பிரிக்கும்ங்கிறதை 1887ல காமிய் ஜோர்டான் தேற்றமா எழுதினார். குழந்தைக்கும் தெரியுமேன்னு தோணும். நிரூபிக்கிறது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆச்சு. வேலி இருக்கு, உள்ளே வெளியே தெரியும், வெட்டியாச்சு. திரையில பார்த்தா அருமையா இருக்கு. தைக்கலாம்னு பட்டனை அமுக்கினாத்தான் பிரச்சினை தெரியும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பூவை 20 சாய்கோடு குறுக்கே கடக்குதுன்னு வெச்சுப்போம். ஒவ்வொண்ணும் ஒரு தடவை உள்ளே போய் ஒரு தடவை வெளியே வந்தா, விளிம்புல 40 முனை. 12 பூ இருந்தா 480 முனை. ஒவ்வொரு முனையிலயும் நிறுத்து, பூட்டு, அறு, நகர்த்து, பாபின் நூலை இழு. மணிக்கணக்கு வேலை. அதுக்கும் மேல, பூவைச் சுத்தி 40 இடத்துல குட்டிக் குட்டியா முடிச்சுத் தையல். கையால தைச்ச அந்தப் பெண்கள் பஞ்சுக்குள்ள மறைச்ச அத்தனையும் இப்போ வெளியே தெரியும்.

பாலத்து ஊர்க் கணக்கு

இங்கதான் 1736 வருது. கோனிக்ஸ்பெர்க்னு ஒரு ஊர்ல ஏழு பாலம். எல்லாப் பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடந்து ஊரைச் சுத்த முடியுமா? முடியாதுன்னு ஆய்லர் காட்டினார். அவர் பார்த்தது இதைத்தான்: ஒரு இடத்துக்குள்ள வந்தா வெளியே போகவும் ஒரு வழி வேணும், அதனால வழிகள் ஜோடி ஜோடியா இருக்கணும். ஒற்றைப்படை வழி சேர்ற இடம் ரெண்டுக்கு மேல இருந்தா, கையெடுக்காம முடிக்க முடியாது.

நம்ம குவில்ட்டை இதே கண்ணால பாருங்க. டைமண்ட் கட்டத்துல ரெண்டு கோடு வெட்டிக்கிற இடத்துல நாலு வழி சேருது, இரட்டைப்படை, பிரச்சினை இல்லை. பூவோட விளிம்புல? ஒரே ஒரு கோடு வந்து அம்போன்னு நிக்குது. ஒற்றைப்படை. மாஸ்க் போட்டது 40 ஒற்றைப் புள்ளிகளை உருவாக்கிடுச்சு.

தீர்வும் இதுக்குள்ளேயே இருக்கு. உள்ளே போன கோடு வெளியே வந்தே ஆகணும், அதனால விளிம்புல முனைகள் எப்பவுமே இரட்டைப்படை எண்ணிக்கையிலதான் இருக்கும். ஒரு முனைக்கு வந்ததும் நூலை அறுக்காதே. விளிம்போடவே தைச்சுக்கிட்டுப் பக்கத்து முனைக்குப் போ, அங்கேருந்து அடுத்த கோட்டைப் பிடி. விளிம்புத் துண்டுகள்ல ஒண்ணு விட்டு ஒண்ணு தைச்சா, 40 முனைக்கும் ஜோடி கிடைச்சிடும். பூவைச் சுத்தி முழுசா கோடு தெரியணும்னா, முழு விளிம்பையும் தைச்சுட்டு, ஒண்ணு விட்டு ஒரு துண்டை ரெண்டாம் தடவை தைக்கலாம். போன வழியிலேயே திரும்பப் போறதுன்னா எதைத் திரும்பப் போனா தூரம் குறையும்ங்கிற கேள்வியை, 1960ல சீனக் கணித அறிஞர் குவான் மெய்கு ஒரு தபால்காரர் நடக்கிற பாதைக் கணக்கா எழுதினார். போர்வையோட வெளி ஓரத்துல இன்னும் சுலபம்: அங்க விளிம்போட ஓடுற தையலை, கடைசியில வெச்சுத் தைக்கிற ஓரப்பட்டி மூடிடும்.

பூவோட விளிம்பை ஒட்டி ஓடுற இந்தத் தையல் எதுன்னு ஞாபகம் வருதா? 1974ல பிசிறுன்னு சொன்ன அதே கோடு. வெட்டின துண்டுகளைச் சேர்க்கிற, ஓரத்தோட ஓடுற கோடு. திரைக்கு அது அழுக்கு. நூலுக்கு அதுதான் போக்கிடம். பூவுக்கு ஒரு எடுப்பான வரையாவும் அது நிக்குது, பார்க்கிறவங்களுக்கு வேணும்னே போட்ட மாதிரி இருக்கும்.

இன்னைக்கு லாங்ஆர்ம் மென்பொருள்கள்ல வெட்டுறதுக்கு ஒரு பட்டன் இருக்கும். வெட்டினப்புறம் முனைகளைச் சேர்க்கவும், எதுக்கு அப்புறம் எது தைக்கணும்னு வரிசை மாத்தவும் தனியா வசதிகள் இருக்கும். அனுபவம் உள்ளவங்க நேரத்தைச் செலவழிக்கிறது முதல் பட்டன்ல இல்லை, ரெண்டாவதுலதான்.

எனக்கு இந்த வரலாற்றுல முக்கியமாப் படறது இதுதான். மறைக்கிறது, வெட்டுறது, முனையை முடிக்கிறது, மூணும் வேற வேற வேலை. கிராஃபிக்ஸ் வரலாறு முதல் ரெண்டுக்கும் பேரு வெச்சது. கோஹன், சதர்லேண்ட், வைலர்னு இன்னைக்கும் பாடத்துல படிக்கிறோம். மூணாவது வேலையைத் தீர்த்து வெச்சவங்க, பஞ்சுக்குள்ள ஊசியை ஓட்டின பெண்கள். அதை யாரும் அல்காரிதம்னு சொல்லலை, பல குவில்ட்கள்ல தைச்சவங்க பேரு கூட இல்லை. அந்த அறிவை மெஷின் தொலைச்சது, கம்ப்யூட்டர் அதைச் சுத்தி வளைச்சு மறுபடி கத்துக்க வேண்டியிருந்தது.

உங்க வேலையில இந்த மாதிரி ஒரு முனை இருக்கா? திரையில மறைஞ்சிடும், ஆனா கடைசியில யாரோ ஒருத்தர் கையால முடிச்சுப் போட வேண்டியிருக்கும்ங்கிற மாதிரி ஒண்ணு? இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.